ஸ்டோருக்குள் அடங்கிய மழை

மாத்தளை மலைத் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று சொல்பவர்கள் குறைவு. 'ஸ்டோர்' என்பதுதான் பேச்சு. கொழுந்து ஸ்டோருக்குப் போகிறது. மகனுக்கு ஸ்டோரில் இரவு வேலை. ஸ்டோர் சங்கு ஊதிவிட்டது. இயந்திரங்கள் உருளும் மூன்று நான்கு மாடிக் கட்டடத்துக்குப் பண்டகசாலையின் பெயர் எப்படி ஒட்டியது? விடை தேயிலைக்கு முந்திய காலத்தில் இருக்கிறது. கோப்பிக் காலத்துத் துரைமார் தங்கள் கொட்டைகளைக் காயவைத்துக் குவித்த கட்டடத்தை ஸ்டோர் என்றார்கள். கோப்பி அழிந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் தோட்டத்துத் தமிழில் தங்கிவிட்டது.

பெயரோடு சேர்ந்து அந்தக் கட்டடத்தின் வேலையும் தொடர்ந்தது. கோப்பி ஸ்டோரும் சரி, பின்னால் வந்த தேயிலை ஸ்டோரும் சரி, ஒரே சிக்கலுக்காகக் கட்டப்பட்டவை: வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்போது உள்ளே காற்றை உலர வைப்பது எப்படி? குளிரூட்டியும் ஈரப்பதமானியும் வீடுகளுக்கு வருவதற்கு மிக முன்பே, அறைக்குள் காற்றின் ஈரத்தை மணிக்கு மணி அளந்து, கூட்டி, குறைத்து ஆண்ட தொழிலாளர்கள் இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கம்மடுவையிலும் இருந்தார்கள். அந்தக் கைத்திறனுக்கு ஒரு வரலாறு உண்டு. தேயிலை வரலாறு எழுதியவர்கள் துரைமாரையும் ஏல விலையையும் எழுதிய அளவுக்கு அதை எழுதவில்லை.

மாத்தளை மாவட்டத்தின் காற்று ஒரே மாதிரியானதல்ல. தெற்கில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகள். மழையும் மூடுபனியும் விடாத இடம். வடக்கே போகப் போக மலை தணிந்து, தம்புள்ளை, கலேவெல, சீகிரியா என்று உலர் வலயம் விரிகிறது. ஒரே மாவட்டத்துக்குள் ரிவர்ஸ்டனில் முகத்தில் மேகம் மோதும் நேரத்தில் தம்புள்ளையில் வெங்காயத் தாள் வெயிலில் சருகாகிக் கிடக்கலாம். ஈரம் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் மாறும் சங்கதி. அதனாலேயே அதை ஆள்வதற்கு இங்கே பல வழிகள் பிறந்தன.

கோப்பிக்கு வந்த சோதனை நேரம் தொடர்பானது. பழம் திரண்டு பழுப்பது பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில். வடகீழ்ப் பருவமழை மாத்தளை மலையில் கொட்டுவதும் அப்போதுதான். பழத்தின் தோலை உரித்து, தொட்டியில் ஊறவைத்து, வழுவழுப்பைக் கழுவி எடுத்த கொட்டையில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதைச் சாந்து பூசிய களத்தில் பரப்பி வெயில் காட்டவேண்டும். மேகம் திரண்டால் ஓடிப்போய் வாரவேண்டும். மழை விட்டால் மறுபடி பரப்பவேண்டும். நாலு நாள் வெயில் முகம் காட்டாவிட்டால் குவியல் உள்ளுக்குள் சூடாகும், முளைவிடும், பூஞ்சணம் பிடிக்கும், நாற்றம் ஏறும். ஒரு வருடத்து உழைப்பு ஒரு வாரத்து ஈரத்தில் போய்விடும்.

அதனால் தோட்டத்தில் முழுதாக உலர்த்தும் முயற்சியையே பலர் விட்டார்கள். வழிப்பயணம் தாங்கும் அளவுக்குக் காயவைத்து, மேலோட்டோடு மாட்டு வண்டியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கடைசி உலர்த்தலும் ஓடு நீக்கலும் தரம் பிரித்தலும் கொழும்புக் களங்களில் நடந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே கொட்டை பொறுக்கினார்கள். மலையின் ஈரக் காற்று ஒரு தொழிலையே இரண்டாக வெட்டி, பாதியைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டது.

இந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக நடந்து, பண்ணாமம் என்று பழைய ஆட்கள் சொல்லும் மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே எடுத்துக்கொண்டன. உலர் வலயத்தின் வெயிலில் நடந்து வந்து, தாங்கள் பிறந்த ஊரில் கண்டிராத ஈரத்துக்குள் அவர்கள் நுழைந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கும் அந்தப் பாதைக்கும் உள்ள உறவை மலையகத்தார் இன்றும் சொல்வார்கள்.

மழையோடு மல்லுக்கட்டிய துரைமாரில் ஒருவர் வில்லியம் கிளெரிஹியூ. 1840களின் இறுதியில் அவர் இலங்கையில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கோப்பியைத் தரையில் பரப்பாமல், காற்று புகக்கூடிய தட்டுத் தளத்தின்மேல் பரப்பினார். கீழே மூடிய அறை. பெரிய விசிறிகளைச் சுழற்றிச் சூடேற்றிய காற்றைக் கொட்டைகளுக்கு ஊடே செலுத்தினார். வெயிலுக்குப் பதில் காற்று. அதுவும் இரவு பகல் பாராத காற்று. அவருடைய பெயரே பின்னர் அந்த மாதிரி ஸ்டோருக்கு வழங்கியது. இந்தத் தீவின் மலைக் கட்டடங்களில் உள்காற்றைத் திட்டமிட்டுச் சூடாக்கி ஓட்டும் பழக்கம் இங்கேதான் வேர் பிடித்தது.

கிளெரிஹியூவின் ஸ்டோரும் அதன் பிறகு வந்த எல்லாமும் ஓர் எளிய உண்மையில் நிற்கின்றன. காற்று சூடாகும்போது அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு வேகமாக ஏறும். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவிதான் தாங்கும். அதற்கு மேல் பனியாகவோ துளியாகவோ விழுந்துவிடும். 30 பாகையில் அதே அளவு காற்று 30 கிராம் தாங்கும். இறத்தோட்டைக்கு மேலே ஒரு மழை இரவில், 20 பாகையில், காற்று முற்றிலும் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், துணி காயாது. அதே காற்றை உள்ளே இழுத்து 30 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரையும் எடுக்காமலே அதன் சாரீரப்பதன் 100 சதவீதத்திலிருந்து 55 சதவீதத்துக்கு அருகே இறங்கிவிடும். தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது. காற்றின் தாகம் கூடிவிட்டது. எதிரே கிடக்கும் கொழுந்திலிருந்தும் கொட்டையிலிருந்தும் அது குடிக்கத் தொடங்கும்.

ஸ்டோரில் வேலை செய்தவர்கள் இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்ததில்லை. ஈரத்தின் கடிவாளம் சூட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பி முடிந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். கோப்பிக்காகக் கேட்ட பாதை, கோப்பி சாகும் நேரத்தில் திறந்தது. அது சுமந்ததெல்லாம் பிறகு வந்த தேயிலை, கொக்கோ, றப்பர், மிளகு. மலைச்சரிவுகளில் கோப்பிச் செடியைப் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள். கோப்பி ஸ்டோர்கள் பலவற்றில் உருளும் இயந்திரம் ஏறியது. மேலே மாடிகள் எழும்பின.

தேயிலைக்கு ஈரம் வேறு விதமான விளையாட்டு. கோப்பிக்கு வேண்டியது உலர்த்தல் ஒன்றுதான். தேயிலைக்கோ ஒரே கூரையின் கீழ் ஓர் அறை உலர்ந்தும், அடுத்தது நனைந்தும், அதற்கடுத்தது எலும்பு வரை காய்ந்தும் இருக்கவேண்டும்.

முதலில் மேல்மாடி. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதை அப்படியே அரைத்தால் சாறாக வழியும், இலை நொறுங்கும். ஆகவே வாட்டவேண்டும். ஸ்டோரின் மேல்மாடிகள் முழுவதும் சணல் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, கைவிடும் இடைவெளியில். கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி வீசினால் அது ஒன்றோடொன்று அடையாமல் மெல்லிய படலமாகத் துணிமேல் விழவேண்டும். சொல்வதற்கு எளிது, கை பழகச் சில மாதமாவது ஆகும். ஓரிடத்தில் தடித்து விழுந்தால் அந்த இடம் வியர்க்கும், சிவக்கும். மெலிந்து விழுந்த இடம் கருகும்.

பிறகு காற்று. பக்கவாட்டில் ஆளுயரத்துக்கும் மேலான விசிறிகள். நல்ல வெயில் நாளில் சன்னல்களைத் திறந்து வெளிக்காற்றையே விடலாம். மழை நாளில் கீழ்த்தளத்துத் தேயிலை அடுப்புகளின் சூட்டை மேலே இழுத்து, வெளிக்காற்றோடு கலந்து, அந்தக் கலவையை மாடிக்குள் ஓட்டவேண்டும். எவ்வளவு சூடு, எவ்வளவு வெளிக்காற்று என்பதைக் கதவையும் அடைப்புப் பலகையையும் நகர்த்தி முடிவு செய்தார்கள். உடல் சூட்டைத் தாண்டிக் காற்றைக் காய்ச்சினால் கொழுந்து வாடாது, வெந்துவிடும். சூடு போதாவிட்டால் விடிந்தும் கொழுந்து பச்சையாகக் கிடக்கும். காலையில் அரைக்க ஒன்றும் இராது.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்கு வாட்டினால் கொழுந்தின் எடையில் ஏறக்குறையப் பாதி போய்விடும். ஒரு நாளில் 5,000 கிலோ பச்சைக் கொழுந்து ஏறும் ஸ்டோர் என்றால், ஓர் இரவில் 2,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் அந்த மாடியிலிருந்து காற்றாக வெளியேறுகிறது. வெளியே மழை கொட்டும்போது இது நடக்கிறது. மாத்தளை மலையில் மனிதர் செய்த பெரிய உலர்த்தல் வேலைகளில் ஒன்று இது, ஒவ்வோர் இரவும், ஆரவாரம் இல்லாமல்.

இந்த வேலையின் அளவுகோல் ஒரு பலகையில் அருகருகே மாட்டிய இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் உலர்ந்தது. மற்றதன் குமிழைச் சுற்றி மெல்லிய துணித் திரி. திரியின் நுனி ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில். பள்ளிக்கூடத்தில் உலர்குமிழ், ஈரக்குமிழ் என்று படிப்பது இதைத்தான். காற்று உலர்ந்திருந்தால் திரியிலிருந்து நீர் விரைவாக ஆவியாகி அந்தக் குமிழைக் குளிர்விக்கும். இரண்டு அளவுக்கும் இடையே வித்தியாசம் பெருகும். காற்று நிறைந்திருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். ஆக, ஈரத்தை அளக்கவும் வெப்பமானிதான், ஈரத்தை ஆளவும் வெப்பம்தான். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் இரவில் விளக்கோடு மாடியேறி முதலில் பார்ப்பது அந்த வித்தியாசத்தை. திரி அழுக்கேறினாலும் கிண்ணம் வற்றினாலும் கணக்கு பொய்யாகிவிடும் என்பதால் அந்தத் துணிக்கும் தண்ணீருக்கும் தனிக் கவனம் உண்டு.

ஆனால் கருவி சொல்வதோடு தீர்ப்பு முடியாது. ஒரு பிடி வாடிய கொழுந்தை உள்ளங்கையில் இறுக்கி உருண்டையாக்கி விடவேண்டும். சட்டென்று விரிந்தால் பச்சை. விரியவே இல்லையென்றால் மிஞ்சிவிட்டது. தயங்கித் தயங்கி விரிந்தால் பதம். தண்டு ஒடியாமல் வளைகிறதா என்று பார்ப்பார்கள். பச்சை வாடை மாறிப் பூவாடையோ பழவாடையோ வருகிறதா என்று முகர்வார்கள். அந்த மூக்கும் கையும் இருந்த ஆளை நம்பித்தான் மறுநாள் முழுத் தேயிலையும்.

கீழே இறங்கினால் காற்று தலைகீழாகிறது. அரைக்கும் அறையிலும், அரைத்த இலையைப் பரப்பிச் செம்பு நிறமேற விடும் அறையிலும் ஈரம் நிறைய வேண்டும். மேலே பறிபோன தண்ணீரை இங்கே காற்றில் தெளித்துத் திருப்பித் தருகிறார்கள். ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள், தரையை நனைத்தார்கள், பின்னாளில் சுழலும் தட்டில் தண்ணீர் விழுந்து பனிப்புகையாகச் சிதறும் இயந்திரங்கள் வந்தன. இங்கே இரு வெப்பமானிகளின் வித்தியாசம் இரண்டு மூன்று பாகை பரன்ஹைட்டைத் தாண்டக் கூடாது என்பது தொழில் வழக்கு. தாண்டினால் இலையின் மேற்பரப்பு காய்ந்து கறுத்து, நிறம் ஏறுவது பாதியில் நிற்கும். நுவரெலியாவில் இந்த அறையைக் குளிர்ச்சியாக வைக்க அதிகம் பாடுபட வேண்டாம். அங்கே மலையே குளிர்வித்துவிடும். மாத்தளைத் தோட்டங்கள் பல அதைவிடத் தாழ்வான, சூடான சரிவுகளில் இருப்பவை. சூடு ஏறினால் இலை அவசரமாகச் சிவந்து சாரமிழக்கும். தெளித்த நீர் ஆவியாகும்போது காற்றையும் குளிர்விப்பதால் ஒரே தெளிப்பில் இரண்டு காரியமும் நடந்தது.

மூன்றாவது இடம் அடுப்பு. 93 பாகை செல்சியஸ் அளவுக் காற்று ட்ரையருக்குள் புகுந்து இலையை 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருகிறது. இந்தக் கலையில் ஒரு பெயர் நிலைத்தது: சிரொக்கோ. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த சாமுவேல் டேவிட்சன் 1864இல் இந்தியாவின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். கரி அடுப்பில் இலை வறுப்பதைப் பார்த்துச் சலித்து, சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரத்தை வடிவமைத்தார். 1881இல் பெல்ஃபாஸ்ட்டில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். சஹாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரை இயந்திரத்துக்கு வைத்தார். அந்தப் பாலைக் காற்று இலங்கை மலைகளுக்கு வார்ப்பிரும்புப் பெட்டிகளில் வந்து சேர்ந்தது.

அடுப்பின் முன்னால் நின்றவரை மறக்கக் கூடாது. காற்றின் சூடு பத்துப் பாகை இறங்கினால் இலை வேகும். ஏறினால் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் சிறைப்படும், பெட்டியில் கிடந்து பூசணம் பூக்கும். வட்டமுகப்பு வெப்பமானியின் முள்ளைப் பார்த்தபடி, எந்த விறகு எவ்வளவு நேரம் எரியும், ஈர விறகு முள்ளை எவ்வளவு இறக்கும், எப்போது கதவைச் சாத்தவேண்டும் என்று அறிந்து அந்த முள்ளை ஓரிடத்தில் நிறுத்தியவர் அவர். இன்று ஒரு தெர்மோஸ்டாட் செய்யும் வேலையை அவர் இரவு முழுக்கக் கையால் செய்தார்.

தெர்மோஸ்டாட் என்ற சொல்லும் தொழிற்சாலைக்குள் பிறந்ததுதான். ஸ்கொட்லாந்து வேதியியலாளர் அன்ட்ரூ யூர் 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்: இரண்டு வகை உலோகப் பட்டைகளை ஒட்டி வைத்தால், சூடாகும்போது ஒன்று மற்றதைவிட நீண்டு, பட்டை வளையும், அந்த வளைவு ஒரு கதவைத் திறக்கவோ மூடவோ செய்யும். சூட்டை மட்டுமே உணரும் அந்தக் கருவி ஈரத்தையும் ஆளத் தொடங்கியதற்கு ஓர் அச்சகம் காரணம். 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில், காற்றின் ஈரத்தால் காகிதம் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் பொருந்தாமல் போன அச்சகத்துக்கு, வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் தீர்வு தேடினார். குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றை ஓட்டி, மிகுதி ஈரத்தைத் துளியாக விழவைத்தார். குழாயின் குளிர்ச்சியை எந்த அளவில் நிறுத்துகிறோமோ அந்த அளவில்தான் காற்றில் ஈரம் மிஞ்சும். அவர் குறிவைத்தது ஆண்டு முழுவதும் 55 சதவீதம். மனிதரைக் குளிர்விக்க வந்ததாக நாம் நினைக்கும் இயந்திரம், ஈரத்தைப் பிடிக்கப் பிறந்தது.

கரியர் குளிர்வித்தார், மாத்தளை ஸ்டோர் சூடாக்கியது. தத்துவம் ஒன்றே. அதோடு ஓர் எச்சரிக்கையும் இரண்டுக்கும் பொது: சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஈரம் ஏமாற்றிவிடும். இன்று மாத்தளை நகரில் குளிரூட்டி மாட்டிய அறைகளில் சுவரோரம் கரும்பூசணம் படர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அறையின் அளவுக்குப் பெரிய இயந்திரம் சில நிமிடத்தில் கேட்ட குளிர்ச்சியை எட்டிவிடும். தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும். ஈரத்தை வடிக்க நேரமே கிடைப்பதில்லை. விசிறி மட்டும் ஓடினால் குழாயில் ஒட்டிய தண்ணீர் மறுபடி அறைக்கே வரும். ஸ்டோரில் ஒற்றை வெப்பமானியை எவரும் நம்பாமல், பக்கத்தில் ஈரத்திரி சுற்றிய இன்னொன்றையும் மாட்டியதன் அருமை இங்கே தெரிகிறது.

1925இல் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உருவான பின் வாட்டலும் உலர்த்தலும் ஆய்வுக்குரிய பாடங்களாயின. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சணல் தட்டுகள் இறங்கி, நீண்ட தொட்டிகள் வந்தன. தொட்டியின் அடியில் கம்பிவலை. ஒரு முனையில் விசிறி. கொழுந்து தடிப்பாகக் கிடக்க, காற்று ஊடுருவிப் போகும். வீசிப் பரப்பும் அந்த மணிக்கட்டு வெட்டுக்குத் தேவை குறைந்தது. நான்கு மாடிகளின் வேலையைக் குறைந்த இடத்தில் முடிக்கலாம் என்றானதும் மேல்மாடிகள் வெறுமையாயின. கந்தப்பளையில் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்று ஹோட்டலானபோது, கொழுந்து வாடிய மாடிகள் விருந்தினர் அறைகளாக மாறின. மலைக் காற்றை வாங்கக் கட்டிய அந்தச் சன்னல் வரிசைகள் இப்போது காட்சிக்கு.

மாத்தளையில் சூட்டைக் கொண்டு ஈரத்தை ஆண்டது தேயிலை மட்டுமல்ல. கொக்கோவுக்கு இந்த மாவட்டம் பேர்போனது. புளிக்கவைத்துக் கழுவிய கொக்கோ விதையை 7 சதவீத ஈரம் வரை இறக்கவேண்டும். 8ஐத் தாண்டினால் பூசணம் காத்திருக்கும். ஆனால் அவசரப்பட்டுச் சூடேற்றினால் விதைக்குள் புளிப்பு சிறைப்பட்டுச் சொக்கலேட் கெடும். மழைக்காலத்தில் அதற்குத் தனி உலர்த்து வீடு வேண்டியிருந்தது. நக்கிள்ஸ் காட்டுக்குள் ஏலக்காய் உலர்த்தியவர்கள் பச்சை நிறம் போகாமல் காயவைக்க, விறகுச் சூட்டைக் குழாய் வழியாக விட்ட மூடிய கொட்டகைகளைக் கட்டினார்கள். அதற்காக வெட்டிய விறகு காட்டை எவ்வளவு தின்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நக்கிள்ஸ் 2000இல் பாதுகாப்பு வனமானதற்குப் பின்னே இந்தக் கவலையும் இருந்தது. மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் தற்செயலல்ல. மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் விளையும் ஊரில் அவற்றை உலர்த்தும் கலையும் படிப்பாக வேண்டியிருந்தது.

வீட்டுக்குள்ளும் இதே அறிவுதான். கண்டிய வீடுகளின் சமையலறையில் அடுப்புக்கு மேலே 'தும் மெஸ்ஸ' என்ற புகைப் பரண். விதையும் மிளகும் அங்கே பூச்சி படாமல் மழைக்காலம் தாண்டும். லயத்து வீட்டிலோ அடுப்புக்கு மேலே ஈர விறகு அடுக்கியிருக்கும். நாளைய நெருப்பை இன்றைய நெருப்பு காயவைக்கும்.

மாவட்டத்தின் வடக்கே நெருப்பு மூட்டவே முடியாத அறைகள் உண்டு. தம்புள்ளைக் குகைக் கோயிலில் ஏறக்குறைய 2,100 சதுர மீற்றர் ஓவியம். அங்கே ஈரத்தை எதிர்த்த முதல் வேலை கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் நடந்தது: பாறையின் நெற்றியில், குகை வாய்க்கு மேலே, ஒரு நீண்ட விளிம்பு வெட்டினார்கள். கட்டாரம் என்பது அதன் பெயர். பாறையில் வழிந்து வரும் மழைநீர் உள்ளே ஊர்ந்து நுழையாமல் அந்த விளிம்பில் அறுந்து வெளியே சொட்டும். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளிலும் இதே விளிம்பைக் காணலாம். வெளி ஈரத்துக்குக் கட்டாரம் போதும். உள்ளே வரும் யாத்திரிகர்களும் சுற்றுலாக்காரர்களும் மூச்சோடும் வியர்வையோடும் கொண்டுவரும் ஈரத்துக்கு அது விடையாகாது. சூடேற்றி உலர்த்தினால் ஓவியத்தின் சாந்து வெடிக்கும். ஆட்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் அளந்து விடுவதைத் தவிர அந்த அறைக்கு நல்ல மருந்து இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் எண்ணம்.

அதே தம்புள்ளையில், 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, ஒரு களஞ்சியசாலை திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்தபடி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இணையவழியில் திறந்துவைத்தார்கள். இந்திய உதவியில் எழுந்த கட்டடம். 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவு. வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் கட்டுப்படுத்தும் வசதி. பெரிய வெங்காயத்தின் ஊரான தம்புள்ளைக்கு இது எவ்வளவு தேவை என்பதை, அறுவடைக் காலத்தில் விலை சரிந்து வெங்காயம் அழுகுவதைப் பார்த்த எந்த விவசாயியும் சொல்வார். வெங்காயத்துக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும்; கூடினால் முளையும் வேரும் விடும். உருளைக்கிழங்கு கேட்பதோ 90க்கு மேல், குறைந்தால் சுருங்கும். இரண்டையும் வைப்பதென்றால் அருகருகே இரண்டு அறைகள் வேண்டும், ஒன்று உலர்ந்தும் மற்றது நனைந்தும்: தேயிலை ஸ்டோரின் மேல்மாடியும் கீழ்த்தளமும் வேறு உருவில். அந்தக் கருவிகளை இயக்கப் பழகும் இளைஞர்களுக்கு, தெற்கே நாற்பது ஐம்பது கிலோமீற்றர் தள்ளி, இதே கலையில் ஊறிய ஒரு தலைமுறை இன்னும் உயிரோடு இருப்பதை எவராவது சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. மாத்தளை மலைகளில் பல ஸ்டோர்கள் மூடிக் கிடக்கின்றன. தகரம் துருவேறி, விசிறிகள் இரும்பு விலைக்குப் போய்விட்டன. ஒவ்வொரு ஸ்டோரிலும் பதிவேடுகள் இருந்தன: கொழுந்து எத்தனை மணிக்கு மாடியேறியது, உலர்குமிழ் எத்தனை, ஈரக்குமிழ் எத்தனை, விசிறி எப்போது ஓடியது, எத்தனை மணிக்கு இறக்கினார்கள். ஒரு மலைச்சரிவின் காற்று பல பத்தாண்டுகள் எப்படி இருந்தது என்று மணிவாரியாகச் சொல்லும் ஏடுகள் அவை. பருவமழை மாறிவரும் இந்த நாளில் வானிலை ஆய்வாளருக்கே அவை பயன்படும். கறையானும் மழையும் அவற்றைத் தின்பதற்கு முன்னே, எந்தத் தோட்டத்திலாவது ஓர் அலுமாரியில் அவை மிஞ்சியிருந்தால் எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். ஸ்டோரில் வாட்டு வேலையோ அடுப்பு வேலையோ பார்த்த ஒருவர் உங்கள் வீட்டில், உங்கள் லயத்தில் இருந்தால், அவரிடம் போய் உட்கார்ந்து, மழை இரவில் எந்தக் கதவை எவ்வளவு திறந்தார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதும்போது அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.